மேசைமேல் ஓர் இருப்புப் பாதை
(சிறு குடும்பத்தினர் செலவறிந்து மாதிரித் தண்டவாளம் தேர்ந்தெடுக்கும் முறை)



தண்டவாளம் இல்லாத இரயில் நிலையம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அது வேறெங்கும் இல்லை. நம் ஜார்ஜ் டவுனிலேயே இருந்தது. துறைமுகத்தை அடுத்து, மணிக்கூண்டுடன் எழுந்து நிற்கும் ‘விஸ்மா கஸ்தாம்’ கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வேக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. பயணிகள் அங்கே பயணச்சீட்டு வாங்குவர். பின்பு படகேறிக் கடலைக் கடந்து பெருநிலத்திற்குச் சென்று வண்டி ஏறுவர். தொடக்கத்தில் பிறையிலும், 1967 முதல் பட்டர்வொர்த்திலும் இரயில் அவர்களுக்காகக் காத்திருந்தது.

கட்டடம் இருந்தது, கடிகாரம் இருந்தது, பயணச்சீட்டும் இருந்தது. ஆயினும் வண்டி அங்கே வரவில்லை. ஏன்? தண்டவாளம் இல்லை. இரயில் என்றவுடன் நம் கண்முன் நிற்பது இயந்திரம். ஆனால், அந்த இயந்திரத்தை இரயில் ஆக்குவது தண்டவாளமே.

வீட்டு மேசைமேல் ஓடும் மாதிரி இரயிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் பெரியோர் அளித்த பணத்தை உண்டியலில் சேர்த்து, அழகிய இயந்திரம் ஒன்றைப் பிள்ளைகள் வாங்குகின்றனர். பின்னரே அதற்கேற்ற தண்டவாளத்தைத் தேடுகின்றனர். ஒருவர் கொடுத்த துண்டு ஓர் அகலம். கடையில் வாங்கிய துண்டு மற்றோர் அகலம். இணைப்புகள் பொருந்துவதில்லை. சில நாளில் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகின்றன. இழந்தது பணம் மட்டுமன்று. ஓராண்டாகச் சேர்த்த பிள்ளையின் ஆர்வமும் அதனோடு போய்விடுகின்றது.

அவ்வாறு நேராமல், குறைந்த செலவில் நல்ல தண்டவாளத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதற்கு நம் நாட்டு இருப்புப் பாதையின் வரலாறே நமக்கு நல்லாசிரியராக நிற்கின்றது.

வரலாறு தரும் முதற்பாடம்: ஓர் அகலத்தில் உறுதியாக நில்

நம் தீபகற்பத்தின் முதல் இருப்புப் பாதை 1885ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் நாள் திறக்கப்பட்டது. தைப்பிங் நகரையும், இன்று கோலா செப்பெத்தாங் என வழங்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் அது இணைத்தது. நீளம் எட்டு மைல். அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஈயச் சுரங்கங்களிலிருந்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அப்பாதையை அமைப்பதில் உழைத்தனர். அப்படையில் தமிழர் மிகுதி.

அடுத்து 1886இல் சிலாங்கூரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி ஒரு பாதை. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ஒரு பாதை. 1893இல் பேராக்கில் தாப்பா ரோட்டிலிருந்து இன்றைய தெலுக் இந்தானுக்கு ஒரு பாதை. இந்நான்கும் தனித்தனியே எழுந்தவை. ஒன்றைத் தனியார் நிறுவனம் அமைத்தது. மற்றவற்றை அந்தந்த மாநில அரசு அமைத்தது. ஆயினும் நான்கிற்கும் பொதுவான பண்பு ஒன்று இருந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் எல்லாவற்றிலும் ஒரு மீட்டரே.

மீட்டர் பாதையை ஏன் தேர்ந்தெடுத்தனர்? செலவு குறைவு என்பதே காரணம். பாதை குறுகியதாயின், குன்றைக் குடையும் வேலையும் மேட்டை வெட்டும் வேலையும் குறையும். வளைவை நெருக்கமாக அமைக்கலாம். இலேசான தண்டவாளமே போதும்.

அவர்கள் சிக்கனத்தோடு ஒற்றுமையையும் பேணினர். அதன் பயன் பின்னரே வெளிப்பட்டது. 1901இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வே அமைந்தது. 1903ஆம் ஆண்டிற்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை வண்டி இடையறாது ஓடியது. 1918இல் சயாம் நாட்டுப் பாதையோடும் நம் பாதை இணைந்தது. அகலம் ஒன்றாக இருந்தமையால் சிறு துண்டுகள் சேர்ந்து நெடும்பாதை ஆயின.

இதற்கு எதிரான நிலையை இந்தியாவில் காணலாம். அங்கு ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை முதலில் வந்தது. செலவைக் குறைக்க 1870களில் மீட்டர் பாதையும் புகுத்தப்பட்டது. இரண்டும் சந்திக்கும் இடங்களில் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. தமிழகத்தின் தென்பகுதிக்கு எழும்பூரிலிருந்து சென்ற பாதையும், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் மீட்டர் பாதையாகவே இருந்தன. 1992இல் தொடங்கிய ‘ஒரே அகலத் திட்டம்’ பெரும்பொருள் செலவில் இப்பாதைகளை அகலப் பாதைகளாக மாற்றியது. பாம்பன் பாலம் 2007இல் மாற்றப்பட்டது.

ஆகவே முதல் விதி இது: வாங்கத் தொடங்கும் முன்பே ஓர் அகலத்தைத் தேர்ந்து, இறுதிவரை அதனையே பின்பற்றுக. விலை மலிவு என்று வேறு அகலத் துண்டை வாங்குவது சிக்கனம் ஆகாது.

மேசைக்கு ஏற்ற அகலம் எது?

மாதிரி இரயில்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. 1891ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் விளையாட்டு இரயில்களுக்கு எண்ணிட்ட நிலையான அகலங்களை வகுத்தது. சிரம்பானில் மெய்யான தண்டவாளம் பதிக்கப்பட்ட அதே ஆண்டு அது!

இன்று ஒரு குடும்பம் கருதத்தக்க அளவுகள் மூன்று.

முதலாவது, 16.5 மில்லிமீட்டர் அகலம். எச்.ஓ. எனப்படும் வகை மெய்யான வண்டியில் 87இல் ஒரு பங்கு, ஓ.ஓ. எனப்படும் பிரிட்டிஷ் வகை 76இல் ஒரு பங்கு. இவ்விரு வகை வண்டிகளும் ஒரே அகலத் தண்டவாளத்தில் ஓடும். சக்கரங்கள் பெரியவை, சிறுவர் கையால் எடுத்து வைப்பது எளிது.

இரண்டாவது, 12 மில்லிமீட்டர் அகலம். 120இல் ஒரு பங்கான வண்டிகளுக்கு உரியது. இவ்வகை நம்மிடையே அவ்வளவாகப் பரவவில்லை.

மூன்றாவது, 9 மில்லிமீட்டர் அகலம். இதனை ‘என்’ வகை என்பர். 160இல் ஒரு பங்கான வண்டிகளுக்கு உரியது. சிறிய இடத்தில் மிகுதியான பாதையை அமைக்கலாம்.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நம் நாட்டு இரயில் மீட்டர் பாதையில் ஓடுவது. ஒரு மீட்டர் என்பது 1000 மில்லிமீட்டர். 1000ஐ 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 வரும். எனவே எச்.ஓ. அளவில் நம் நாட்டு இரயிலைச் சரியாகக் காட்ட வேண்டுமாயின் 16.5 மில்லிமீட்டர் பாதை பொருந்தாது. 12 மில்லிமீட்டர் பாதையே வேண்டும். அவ்வாறே 1000ஐ 160ஆல் வகுத்தால் 6.25 வரும். அத்துணை குறுகிய மாதிரிப் பாதைகள் உண்டு; ஆனால், செய்வோரும் விற்போரும் சிலர். எனவே விலை மிகுதி, தேடுவதும் கடினம்.

சிறு குடும்பம் என்ன செய்யலாம்? அகலத்தில் சிறிது பிழை இருப்பினும், எங்கும் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் அல்லது 16.5 மில்லிமீட்டர் பாதையை ஏற்கலாம். இதில் வெட்கப்பட ஏதும் இல்லை. பிரிட்டிஷ் ஓ.ஓ. வகையே அவ்வாறு பிறந்ததுதான். 16.5ஐ 76ஆல் பெருக்கினால் 1254 வரும். பிரிட்டனின் மெய்யான பாதை அகலமோ 1435 மில்லிமீட்டர். இப்பிழையை அறிந்தே அந்நாட்டினர் தலைமுறை தலைமுறையாக அவ்வகையைப் போற்றி வருகின்றனர். நுண்மையைவிடப் பொருத்தமே முதன்மையானது.

இடத்தை அளந்து வளைவைத் தேர்க

அடுத்து, நம் வீட்டில் இடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில் வாழும் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உணவு மேசையில் இரவு உணவு முடிந்த பின்னரே இரயில் ஓடும். மறுநாள் காலையில் மேசை மீண்டும் உணவுக்கு வேண்டும். எனவே தூக்கிச் சாய்த்து வைக்கத்தக்க பலகையே அவர்களுக்கு ஏற்றது.

ஒட்டுப்பலகை எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள தாளாக விற்கப்படுகின்றது. அதில் கால் பங்கு, நான்கடிக்கு இரண்டடி. மில்லிமீட்டரில் கூறின் ஏறத்தாழ 1220க்கு 610. இதில் எந்த வளைவு அடங்கும்?

ஓ.ஓ. வகையில் ஹார்ன்பி நிறுவனத்தின் மிகச் சிறிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர். வட்டத்தின் குறுக்களவு 742. பலகையின் அகலமோ 610. ஆகவே அடங்காது. ஓ.ஓ. வகை வேண்டுவோர் ஏறத்தாழ மூன்றடி அகலமாவது ஒதுக்க வேண்டும்.

‘என்’ வகையில் காட்டோ நிறுவனத்தின் ஒரு வளைவின் ஆரம் 249 மில்லிமீட்டர். வட்டத்தின் குறுக்களவு 498. தண்டவாளத்தோடு சேர்ந்த அடிப்பகுதியின் அகலம் 25 எனக் கொண்டால் மொத்தம் 523. பலகையில் இருபுறமும் 40 மில்லிமீட்டருக்கு மேல் இடம் எஞ்சும். வண்டி கவிழ்ந்தாலும் உடனே தரையில் விழாது.

நீளத்தையும் பார்ப்போம். 248 மில்லிமீட்டர் நேர்த்துண்டுகளைப் பக்கத்திற்கு இரண்டாக நான்கு இட்டால், நீள்வட்டத்தின் மொத்த நீளம் 498, 496, 25 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அதாவது 1019. பலகையின் நீளம் 1220. நன்கு அடங்குகின்றது.

இனி, வண்டி ஓடும் பாதையின் நீளம்: வட்டத்தின் சுற்றளவு 2 × 22/7 × 249 = 1565. நான்கு நேர்த்துண்டுகள் 992. மொத்தம் 2557 மில்லிமீட்டர். ஏறத்தாழ இரண்டரை மீட்டர். 45 பாகை வளைவுத் துண்டுகள் எட்டு, நேர்த்துண்டுகள் நான்கு, ஆகப் பன்னிரண்டு துண்டுகள் போதும். கடைக்குச் செல்லும் முன்பே இவ்வெண் நம் கையில் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நீண்ட இயந்திரங்கள் நெருக்கமான வளைவில் தடம் புரளும். இயந்திரத்தின் பெட்டிமேல் அல்லது விளக்கத்தாளில் அது திரும்பக்கூடிய குறைந்த ஆரம் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்த பின்னரே வாங்குக. மலைநாட்டில் மெய்யான பாதை அமைத்தவரும் இதே தடையை எதிர்கொண்டனர்.

வரலாறு தரும் இரண்டாம் பாடம்: மலிந்த பொருள், நலிந்த பாதை

1885க்கு முன்பே நம் மண்ணில் ஒரு முயற்சி நடந்தது. 1869இல் ஜொகூரின் ஆட்சியாளர் அபு பக்கார், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி ஒரு பாதை அமைக்கத் தொடங்கினார். இரும்புக்கு மாறாக மரத்தாலேயே தண்டவாளம் இட்டனர். காட்டில் மரத்திற்குக் குறைவில்லை. ஆனால் கறையானுக்கும் குறைவில்லை! மரம் அரிக்கப்பட்டது, முயற்சி கைவிடப்பட்டது. விலையை மட்டும் பார்த்து, நம் தட்பவெப்பத்தைப் பாராமல் பொருளைத் தேர்ந்தால் நேர்வது இதுவே.

பினாங்கில் நம்மைச் சூழ்ந்திருப்பது கடற்காற்று. அதில் ஈரமும் உப்பும் உண்டு. மாதிரித் தண்டவாளமோ வண்டியைத் தாங்குவதோடு நிற்பதில்லை, மின்சாரத்தையும் கொண்டுசெல்கின்றது. வழக்கமாக 12 வோல்ட்டுக்கு மிகாத நேர் மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, சக்கரம், மோட்டார் ஆகியவற்றைக் கடந்து, மற்றொரு தண்டவாளத்தின் வழியே திரும்புகின்றது. தண்டவாளத்தின் மேற்பரப்பு கறுத்தால் மின்சாரம் தடைப்படும். வண்டி விக்கி விக்கி நிற்கும்.

மூவகை உலோகத்தாலான தண்டவாளங்கள் கிடைக்கின்றன. எஃகு மலிவானது, ஆனால் நம் காற்றில் துருப்பிடிக்கும். பித்தளை மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆனால் அதன்மேல் படியும் களிம்பு கடத்தாது. அடிக்கடி துடைக்க வேண்டும். நிக்கல் வெள்ளி எனப்படும் கலவை விலை கூடியது. ஆனால் குறைந்த பராமரிப்பில் நெடுநாள் உழைக்கும். பெயரில் வெள்ளி இருப்பினும் அதில் வெள்ளி இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்ததே அது. பினாங்கில் வாழ்வோர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் இதனையே வாங்குவது நலம். முதல் நாளில் மிச்சம் பிடித்த சில வெள்ளியைப் பின்னர் ஒவ்வொரு வாரமும் துடைத்துத் துடைத்தே கொடுக்க நேரும்.

மழலையர் உள்ள வீட்டிற்கு வேறொரு வழி உண்டு. மின்கலத்தால் இயங்கும் பிளாஸ்டிக் இரயில்களில் தண்டவாளம் மின்சாரம் கடத்துவதில்லை. ஜப்பானின் ‘பிளாரெயில்’ இவ்வகையில் புகழ்பெற்றது. துருவும் இல்லை, களிம்பும் இல்லை. மிக இளம் பிள்ளைகள் சிறு உறுப்புகளை வாயிலிடாதபடி பெரியோர் கவனித்தல் வேண்டும்.

துண்டுப் பாதையா? வளையும் பாதையா?

தண்டவாளத்தை இருவகையாக வாங்கலாம். ஒன்று, அளவிட்டுச் செய்யப்பட்ட துண்டுகள். சரளைக் கல் போன்ற அடிப்பகுதியோடு வரும் துண்டுகளை அழுத்தினாலே இணைந்துவிடும். மேசைமேல் விரித்து, ஆடி முடித்து, எடுத்து வைப்பதற்கு இவை ஏற்றவை. ஆனால் நிறுவனத்திற்கு நிறுவனம் இணைப்பு வேறுபடும். காட்டோவின் துண்டும் டோமிக்சின் துண்டும் ஒரே 9 மில்லிமீட்டர் அகலமே; ஆயினும் இடையே ஒரு மாற்றுத்துண்டு இல்லாமல் சேரா. அகலத்தைப் போலவே நிறுவனத்தையும் ஒன்றாகக் கொள்வது சிக்கனம்.

மற்றொன்று, விருப்பம்போல் வளைக்கத்தக்க நெடுந்துண்டு. இதன் நீளம் வழக்கமாக மூன்றடி. அதாவது 914 மில்லிமீட்டர். வெட்டுவதற்குக் கருவியும், பதிப்பதற்கு ஆணியும், பொறுமைமிக்க கையும் வேண்டும். பலகையில் நிலையாகப் பதிப்போர்க்கே இது ஏற்றது.

எது மலிவு? கணக்கிட்டே அறிய வேண்டும். கணக்கின் பொருட்டு ஒரு விலையை வைத்துக்கொள்வோம். உண்மை விலையை வாங்கும் நாளில் கேட்டு அறிக. நெடுந்துண்டு ஒன்று 30 வெள்ளி. சிறுதுண்டு ஒன்று 12 வெள்ளி என்போம். மேற்பார்வைக்குச் சிறுதுண்டே மலிவு. ஆனால் ஒரு மீட்டருக்கு என்ன விலை? நெடுந்துண்டு 32 வெள்ளி 80 காசு. 248 மில்லிமீட்டர் நேர்த்துண்டு 48 வெள்ளி 40 காசு. விடை தலைகீழாகிவிட்டது!

நம் நீள்வட்டத்திற்கு நெடுந்துண்டு மூன்று, 90 வெள்ளி. சிறுதுண்டு பன்னிரண்டு, 144 வெள்ளி. வேறுபாடு 54 வெள்ளி. கருவியும் ஆணியும் பிறவும் இந்த 54 வெள்ளிக்குள் முடிந்தால்தான் நெடுந்துண்டு மலிவு. முடியாவிடில் சிறுதுண்டே மலிவு. மேலும், வீடு மாறும்போது சிறுதுண்டுகளைக் கழற்றி எடுத்துச் செல்லலாம்; பதித்த பாதையைப் பெயர்த்தால் பெரும்பாலும் பழுதுபடும். இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இயந்திரம், பெட்டிகள், நீள்வட்டப் பாதை, மின்கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை சேர்ந்த தொடக்கத் தொகுதியின் விலையையும் கேட்டு ஒப்பிடுக. தனித்தனியே வாங்குவதைவிட அது குறைவாக இருப்பதுண்டு.

வரலாறு தரும் மூன்றாம் பாடம்: ஒற்றைப் பாதையில் இரு வண்டி

நம் கொடிமலை இரயிலில் ஏறாத பினாங்குப் பிள்ளை உண்டோ? 1923இல் ஓடத் தொடங்கிய அதன் பாதையின் அகலமும் ஒரு மீட்டரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட முதல் முயற்சி தோல்வியுற்றது. இரண்டாம் முயற்சியே வென்றது. அக்காலத்தில் பாதை இரு பகுதிகளாக இருந்தமையால் பயணிகள் நடுநிலையத்தில் வண்டி மாறினர். 2011 முதல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே வண்டியில் செல்லலாம்.

அம்மலைப் பாதையில் ஒரு நுட்பம் உண்டு. வடத்தால் பிணைந்த இரு வண்டிகளில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். இரண்டிற்கும் இருவேறு பாதை முழுநீளத்திற்கும் இடவில்லை. பாதை ஒன்றே. வண்டிகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகின்றது.

இதனை நம் பலகையிலும் செய்யலாம். பிள்ளைகள் முதலில் கேட்பது இரட்டைப் பாதை. அதற்குத் தண்டவாளம் இருமடங்கு வேண்டும். மாறாக, நீள்வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒதுங்கு பாதை அமைத்தால், ஒரு வண்டி அங்கே காத்திருக்க மற்றொன்று சுற்றி வரும். அதற்கு வேண்டியவை இரண்டு தடமாற்றிகளும் சில துண்டுகளுமே. எனினும் தடமாற்றி ஒன்றின் விலை நேர்த்துண்டின் விலையைப் போலச் சில மடங்கு இருக்கும். ஆகவே முதல் ஆண்டில் தடமாற்றி இன்றியே தொடங்குக.

பாதையைத் திருப்பித் தன்னோடே இணைத்து வண்டியை எதிர்த்திசையில் அனுப்பும் வளையத்தைத் தொடக்கத்தில் தவிர்க்க. அங்கே வலத் தண்டவாளம் இடத் தண்டவாளத்தோடு சேர்ந்துவிடும். மின்சாரம் மோட்டாருக்குச் செல்லாமல் குறுக்கே பாயும். தனிக் கம்பியமைப்பு இன்றி அது இயங்காது.

பழைய தண்டவாளம் வாங்குவோர்க்கு

பயன்படுத்திய தண்டவாளத்தைக் குறைந்த விலையில் பெறலாம். ஆனால் சோதித்தே வாங்க வேண்டும்.

1. அளவுகோலால் இரு தண்டவாளங்களின் உட்புற இடைவெளியை அளந்து பார்க்க. ஒன்பதா, பதினாறரையா என்பது உடனே தெரியும்.

2. சிறு காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்க்க. ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல் வெண்ணிறமாக இருந்தால் பெரும்பாலும் நிக்கல் வெள்ளி.

3. துண்டைக் கண்மட்டத்தில் பிடித்து நீளவாக்கில் பார்க்க. நேர்த்துண்டு வளைந்திருந்தால் விட்டுவிடுக.

4. இரு துண்டுகளை இணைத்து, ஒரு முனையில் கைவிளக்கின் மின்கலத்தையும் மறுமுனையில் சிறு விளக்கையும் கம்பியால் தொடுத்துப் பார்க்க. விளக்கு எரிந்தால் இணைப்பு நன்று. மின்னினால் இணைப்பு தளர்ந்துள்ளது.

5. தடமாற்றியின் நகரும் நாக்கு இருபுறமும் முழுமையாக ஒட்டுகின்றதா என்று பார்க்க.

வீட்டுச் சுவரின் மின்சாரத்தை எந்தச் சோதனைக்கும் தொடலாகாது. மின்கட்டுப்பாட்டுக் கருவியைப் பெற்றோரே பொருத்துதல் வேண்டும். அழுக்கேறிய தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறல்களில் அழுக்கு மேலும் தங்கும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூய துணியே போதும்.

வாங்கும் ஒழுங்கு

முதலில் பலகை. அடுத்து, தாளில் வரைபடம். பிறகு நூலையும் சுண்ணக்கட்டியையும் கொண்டு பலகைமேல் வளைவை வரைந்து பார்த்தல். அதன்பின் நீள்வட்டப் பாதையும் ஓர் இயந்திரமும். அது குறையின்றி ஓடிய பின்னரே ஒதுங்கு பாதை. வீடும் நிலையமும் மரமும் அட்டையாலும் தாளாலும் நாமே செய்யலாம். அவற்றிற்குப் பணம் வேண்டா. பணம் செல்ல வேண்டிய இடம் தண்டவாளமே.

தந்தை அளக்கட்டும்; தாய் கணக்கைச் சரிபார்க்கட்டும்; அண்ணன் இணைக்கட்டும்; தங்கை சோதிக்கட்டும். பணிகளை மாற்றியும் செய்யலாம். தண்டவாளம் ஒருவர் கையால் மட்டும் உருவாவதன்று.

நம் முன்னோருட் பலர் இந்நாட்டு இருப்புப் பாதைகளில் மண் வெட்டினர். சிலிப்பர் கட்டை சுமந்தனர். வெயிலிலும் மழையிலும் பாதையைக் காத்தனர். வண்டியில் சென்றோர் அவர்களைக் கண்டிலர். பாதை மட்டும் பழுதின்றி இருந்தது. அதுவே அவர்கள் பணியின் சிறப்பு. உங்கள் மேசைமேல் வண்டி தடம் புரளாமல் ஒரு சுற்று வந்து நிற்கும்போது, இயந்திரத்தைப் பாராட்டும் முன் தண்டவாளத்தையும், அதை இட்ட கைகளையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி

1. நான்கு தனிப் பாதைகள் பிற்காலத்தில் ஒன்றாக இணைய முடிந்தது எதனால்?

2. 20 மீட்டர் நீளமுள்ள ஓர் இரயில் பெட்டி, 160இல் ஒரு பங்கு மாதிரியில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?

3. ஆரம் 282 மில்லிமீட்டர் உள்ள வட்டப் பாதையின் சுற்றளவைக் காண்க. அடிப்பகுதி 25 மில்லிமீட்டர் எனில், இரண்டடிப் பலகையில் அது அடங்குமா? அடங்கினால், ஓரத்தில் எஞ்சும் இடம் வண்டிக்குப் பாதுகாப்பானதா?

4. ஜொகூர் மரப் பாதையும் பினாங்கில் எஃகுத் தண்டவாளமும்: இவற்றிற்குள்ள ஒற்றுமையை ஐந்து வரிகளில் எழுதுக.

5. உங்கள் வீட்டு மேசையை அளந்து, அதில் அடங்கும் பாதை ஒன்றை வரைந்து, வேண்டிய துண்டுகளின் பட்டியலைப் பெற்றோர்க்குக் காட்டுக.